இடமில்லாதவர்கள் பாடிய பாட்டு

(திருவருகைக் கால வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



திருவருகைக் காலத்தின் கடைசி நாள்களுக்கு வந்துவிட்டோம். ஊர்தோறும் குடில் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. மாலை வேளைகளில் பாடகர் குழுவினர் பாடிப் பழகும் ஓசை ஆலயங்களிலிருந்து கேட்கிறது. பாட்டு இல்லாத கிறிஸ்து பிறப்பு விழாவை நம்மால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே இன்றைய சிந்தனையில், ஓர் இசைத்தட்டின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ‘மறையுரையில் இசைத்தட்டுக்கு என்ன வேலை?’ என்று சிலர் கேட்கலாம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்தை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். மரியா பிள்ளையைப் பெற்றுத் துணிகளில் பொதிந்து தீவனத்தொட்டியில் கிடத்துகிறார். காரணத்தை நற்செய்தியாளர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்: விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இந்த இசைத்தட்டின் வரலாறும் அந்த ஒரு வரியைச் சுற்றியே நடக்கிறது.

1961ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஆஸ்திரிய நாட்டுத் தலைநகரான வியன்னாவில், சோஃபியன்சால் என்ற பழைய அரங்கத்தில் அந்த இசைத்தட்டு பதிவு செய்யப்பட்டது. பாடியவர் லியோன்டின் பிரைஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. அப்போது அவருக்கு வயது 34. பெண்குரலில் மிக உயர்ந்த சுருதிகளில் பாடுகிறவரை மேலைநாட்டு இசையில் ‘சொப்ரானோ’ என்று அழைப்பார்கள். தம் காலத்துச் சொப்ரானோக்களில் முதல் வரிசையில் வைக்கப்பட்டவர் இவர். வாத்தியம் இசைத்தது உலகப் புகழ்பெற்ற வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. நடத்தியவர் ஹெர்பர்ட் ஃபான் காராயான். கூடப் பாட ஒரு பெரிய பாடகர் குழுவும் ஒரு சிறுவர் குழுவும் இருந்தன. ‘கிறிஸ்மஸ் காணிக்கை’ என்று பொருள்படும் ‘எ கிறிஸ்மஸ் ஆஃபரிங்’ என்பது இசைத்தட்டின் பெயர். மொத்தம் 13 பாடல்கள், ஏறத்தாழ முக்கால் மணி நேரம். அறுபது ஆண்டுகள் கடந்தும் டிசம்பர் மாதம் பிறந்தால் உலகின் பல வீடுகளில் அது ஒலிக்கிறது.

முதலில் பாடியவரைப் பற்றிச் சொல்கிறேன்.

லியோன்டின் பிரைஸ் 1927ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற ஊரில் பிறந்தார். மரம் அறுக்கும் ஆலைகளால் பிழைத்த ஊர் அது. தந்தை ஆலைத் தொழிலாளி. தாய் ஊராருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. தங்கள் மெதடிஸ்ட் ஆலயத்தின் பாடகர் குழுவிலும் பாடியவர். திருமணமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பிள்ளை என்பதால், செக்கரியா - எலிசபெத்து வீட்டில் யோவான் வளர்ந்ததுபோல இந்தப் பிள்ளை வளர்ந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயதானபோது ஒரு பியானோ வாங்கப் பெற்றோர் ஆசைப்பட்டார்கள். கையில் பணமில்லை. வீட்டிலிருந்த இசைத்தட்டுப் பெட்டியைக் கொடுத்து, அதையே முன்பணமாகக் கழித்துக்கொண்டார்கள். பின்னாளில் உலகெங்கும் வீடுகளில் இசைத்தட்டாகச் சுழன்ற குரலுக்கு, அன்று விற்ற அந்தப் பெட்டிதான் முதல் கட்டணம்.

ஒன்பது வயதில் மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனுக்கு அவளைக் கூட்டிச் சென்றார்கள். அங்கே மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகியின் கச்சேரி நடந்தது. தன் நிறத்துப் பெண் ஒருவர் மேடையில் அரசியைப்போல நின்று பாடுவதை அந்தச் சிறுமி முதன்முதலாகப் பார்த்தாள். அதே மரியன் ஆண்டர்சனுக்கு 1939இல் தலைநகர் வாஷிங்டனின் பெரிய அரங்கம் நிறத்தின் காரணமாக மறுக்கப்பட்டது. அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று திறந்தவெளியில் பாடினார். ஏறத்தாழ 75,000 பேர் திரண்டு வந்து கேட்டார்கள். விடுதி மூடிக்கொண்டால் வயல்வெளியில் வானதூதர் பாடுவார்கள் என்பதை அந்த மக்கள் அன்று கண்ணாரக் கண்டார்கள்.

அன்றைய மிசிசிப்பியைப் பற்றி இன்றைய இளையோருக்குச் சொல்ல வேண்டும். அங்கே வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு வேறு பள்ளி. தண்ணீர்க் குழாய், பேருந்து நிலையம், உணவகம், மருத்துவமனை எல்லாமே இரண்டிரண்டு. இவை ஊர் வழக்கம் மட்டுமல்ல, எழுதப்பட்ட சட்டம். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து லியோன்டின் ஒஹாயோ மாநிலத்துக்குப் படிக்கச் சென்றது இசை ஆசிரியை ஆகும் எண்ணத்தில்தான். குரலைக் கேட்டவர்கள் விடவில்லை. பால் ராப்சன் என்ற புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர் அவருடைய படிப்புச் செலவுக்காகக் கச்சேரி செய்து கொடுத்தார். லாரலில் அவருடைய உறவுப் பெண் ஒருவர் பணிசெய்த வெள்ளையர் குடும்பமும் பணஉதவி செய்தது. நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பயின்றார். 1955இல் தொலைக்காட்சியில் ‘டோஸ்கா’ என்ற ஓபராவில், அதாவது இசை நாடகத்தில், கதாநாயகியாகப் பாடினார். கறுப்பினப் பெண்ணை அந்த வேடத்தில் காட்ட விரும்பாத சில நிலையங்கள் நிகழ்ச்சியை ஒளிபரப்பவே மறுத்துவிட்டன. ஆனால் 1961 ஜனவரி 27 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் அவர் முதன்முதலாகப் பாடி முடித்தபோது, மக்கள் எழுந்து நின்று ஏறத்தாழ நாற்பது நிமிடம் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு ஐந்தாவது மாதத்தில்தான் வியன்னாவில் இந்தக் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடினார்.

இனி வியன்னாவுக்கு வருவோம். ஆஸ்திரியா கத்தோலிக்க நாடு, இசையின் தாய்வீடு. ஆனால் அந்த வீட்டில் நடந்தவை எல்லாம் அழகாக இல்லை. 1938இல் ஹிட்லரின் ஆட்சி அங்கே வந்ததும் இதே வியன்னா ஃபில்ஹார்மோனிக்கிலிருந்து யூத இசைக்கலைஞர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நேற்றுவரை ஒரே தாளைப் பார்த்து வாசித்தவர்களுக்கு மறுநாள் நாற்காலி இல்லை. அவர்களுள் சிலர் வதைமுகாம்களில் மாண்டார்கள். காராயானும் நாத்சிக் கட்சியின் உறுப்பினராக இருந்தவர்தான். போர் முடிந்ததும் அவருக்கு இசை நடத்தத் தடை விதிக்கப்பட்டு, 1947இல்தான் அது நீங்கியது. மனித இனத்தை உயர்வு தாழ்வு என்று பிரித்த ஒரு கட்சியில் இருந்தவரே, லியோன்டின் பிரைஸின் குரலை அமெரிக்காவில் கேட்டு வியந்து, 1958இல் வியன்னா ஓபராவுக்கு அவரை அழைத்து ‘அயீடா’ பாட வைத்தார்.

இதைக் கொண்டு அவருடைய கடந்த காலத்தைக் கழுவிவிட முடியாது. ஓர் இசைத்தட்டு ஒப்புரவு அருளடையாளம் ஆகாது. கொல்லப்பட்டவர்களுக்காக மன்னிப்பு வழங்கும் உரிமை நமக்கும் இல்லை. ஆயினும் ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு யூதருக்கு இடமில்லை என்று சொன்ன இசைக்குழு, தன் சொந்த நாட்டில் பேருந்து நிலையத்தில்கூட விரும்பிய இடத்தில் உட்கார முடியாத ஒரு பெண்ணைச் சுற்றி அமர்ந்து, அவர் மூச்செடுக்கும் வேளைக்குக் காத்திருந்து, யூதச் சிறுமி மரியாவின் பிள்ளையைப் பற்றி வாசிக்கிறது. அந்த அரங்கத்தில் யார் யாருக்குப் பாடம் எடுத்தார்கள் என்பதைக் கடவுள் அறிவார்.

அந்தக் குழுவில் இன்னொரு இடமும் அடைபட்டிருந்தது. நடுவில் நின்று பாடியவர் பெண். சுற்றி உட்கார்ந்திருந்த உறுப்பினர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஒரு பெண்ணை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1997இல்தான்!

அரங்கத்தின் கதையும் கேட்கத் தக்கது. சோஃபியன்சால் முதலில் கட்டப்பட்டது நீராவிக் குளியல் கூடமாக. பிறகு நீச்சல் குளம் வந்தது. பிறகு குளத்தின்மேல் தளம் போட்டு நடன மண்டபம் ஆக்கினார்கள். யோகான் ஸ்ட்ராஸ் அங்கே நடன இசை வாசித்தார். தரைக்குக் கீழே வெற்றிடமாகக் கிடந்த அந்தக் குளந்தான் குரலுக்கு ஒரு தனி நிறைவைத் தந்தது என்பார்கள். அதனால் டெக்கா நிறுவனம் பல ஆண்டுகள் அதைப் பதிவுக் கூடமாகப் பயன்படுத்தியது. மாதமோ ஜூன், ஐரோப்பாவில் கோடைக்காலம். பனியும் இல்லை, நட்சத்திர விளக்கும் இல்லை, குடிலும் இல்லை. விழாவின் வெளி அலங்காரம் ஒன்றுமே இல்லாத ஒரு பழைய குளியல் கூடத்தில் கிறிஸ்து பிறப்பைப் பாடினார்கள். தொழுவத்தை மீட்பின் இடமாக்கத் தெரிந்த கடவுளுக்கு இது பெரிய காரியம் அல்ல.

அன்பர்களே, அந்த இசைத்தட்டில் உள்ள சில பாடல்களின் வரலாற்றையும் பார்ப்போம். பாடியவருக்கு மட்டுமா இடம் மறுக்கப்பட்டது? பாடல்களை எழுதியவர்களைத் தேடிப் போனாலும் அதே கதைதான் கிடைக்கிறது.

முதல் பாடல் ‘சைலண்ட் நைட்’. நம் பங்குகளிலும் நள்ளிரவுத் திருப்பலியில் விளக்கை அணைத்துவிட்டுப் பாடுகிறோமே, அதே பாடல். வரிகளை எழுதியவர் யோசப் மோர் என்ற குரு. அவர் 1792இல் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தாய் துணி பின்னிப் பிழைத்த ஏழைப் பெண். தந்தை ஒரு படைவீரர். பிள்ளை பிறக்குமுன்பே படையையும் அந்தப் பெண்ணையும் விட்டுவிட்டு ஓடிப்போனார். மணமாகாத தாயின் பிள்ளைக்கு ஞானத்தந்தையாக நிற்க யார் வருவார்? மரண தண்டனையை நிறைவேற்றும் நகரத்துக் கொலையாள் ஞானத்தந்தை ஆனார். அவரையும் ஊரார் தீண்டாதவராகவே வைத்திருந்தார்கள். சால்ஸ்பர்க் பேராலயத்தில் இசைப் பொறுப்பில் இருந்த ஒரு குரு, சிறுவனின் குரலைக் கேட்டுப் படிக்க வைத்தார். குருமடத்தில் சேரும் வேளையில் மீண்டும் ஒரு கதவு. முறையான திருமணத்தில் பிறக்காதவருக்குத் திருச்சபைச் சட்டத்தின்படி குருத்துவம் இல்லை. தனிச்சலுகை பெற்ற பின்னரே அவர் உள்ளே நுழைய முடிந்தது. 1815இல் குருவானார்.

அடுத்த ஆண்டு, நெப்போலியன் போர்கள் நாட்டைச் சீரழித்திருந்த வேளையில், மலைநாட்டுப் பங்கு ஒன்றில் பணியாற்றியபோது அமைதியைப் பற்றிய அந்த வரிகளை எழுதினார். 1818 டிசம்பர் 24 அன்று, சால்சாக் ஆற்றங்கரையில் படகோட்டிகள் வாழ்ந்த ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில், பள்ளி ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான ஃபிரான்ஸ் சேவியர் குரூபரிடம் கொடுத்து மெட்டமைக்கக் கேட்டார். அன்றிரவே ஆலயத்தில் இருவரும் பாடினார்கள். மோர் கையில் கிட்டார். எலி கடித்து ஆர்கன் கெட்டுப்போனதால் கிட்டார் எடுத்தார் என்ற கதை பின்னாளில் சேர்ந்தது. அதற்குச் சான்று இல்லை. பாடல் உலகமெங்கும் பரவியது. எழுதியவர் யார் என்று பலருக்குத் தெரியாது. பெரிய இசைமேதை ஒருவருடையது என்றே நினைத்தார்கள். மோர் 1848இல் ஒரு மலையூர்ப் பங்கில் ஏழையாக இறந்தார். அவர் கைப்பட எழுதிய தாள் கிடைத்து, பாடலின் வரலாறு தெளிவானது 1995இல்தான்.

காராயானும் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். தம் ஊரின் தந்தையற்ற பிள்ளை எழுதிய பாடலை, மருத்துவச்சி மகளின் வாயால் அவர் பாட வைத்தார்.

அடுத்து ‘ஓ ஹோலி நைட்’. இது பிரெஞ்சு நாட்டுப் பாடல். தென்பிரான்சின் ரோக்மோர் என்ற ஊரின் பங்குத்தந்தை, உள்ளூர் திராட்சை இரச வணிகர் பிளாசீது காப்போவிடம் கிறிஸ்து பிறப்புக்கு ஒரு கவிதை கேட்டார். சிறுவயதில் விபத்தில் ஒரு கையை இழந்தவர் காப்போ. ஆலயப் பக்தி மிகுந்தவர் என்றும் சொல்ல முடியாது. அடோல்ஃப் ஆதாம் என்ற நாடக இசையமைப்பாளர் மெட்டுப் போட்டார். 1847இல் அந்த ஊர் ஆலயத்தில் ஓர் ஓபராப் பாடகி அதைப் பாடினார். ‘இது நாடகப் பாட்டு, ஆலயத்துக்குப் பொருந்தாது’ என்று பிரான்சில் திருப்பணியாளர்கள் சிலர் எதிர்த்தார்கள். மக்களோ விடவில்லை. அந்தப் பாடலின் கடைசிப் பத்தியில் ஒரு துணிச்சலான சிந்தனை இருக்கிறது: பிறந்த மீட்பர் விலங்குகளை உடைக்கிறார், நேற்று அடிமை நின்ற இடத்தில் இன்று சகோதரன் நிற்கிறான். இது பாடப்பட்ட மறு ஆண்டு, 1848இல், பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. 1855இல் ஜான் சல்லிவன் டுவைட் அதை அமெரிக்காவில் ஆங்கிலமாக்கியபோது, தென்மாநிலங்களில் மனிதர்கள் சந்தையில் விற்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தென்மாநிலங்களின் மண்ணில் பிறந்தவர்தான் லியோன்டின் பிரைஸ். அவர் அந்தப் பாடலில் குரலை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டு போய் உச்சியில் நிறுத்தும்போது, அங்கே ஒரு மக்களினத்தின் வரலாறு நிற்கிறது.

இசைத்தட்டின் கடைசிப் பாடல் மோசார்ட்டின் ‘அல்லேலூயா’. இதிலும் ஒரு கதவு உண்டு. 1773 ஜனவரியில், பதினேழு வயது நிறையப் பத்து நாள்கள் இருந்தபோது, மோசார்ட் இது இடம்பெறும் பாடலை மிலான் நகர ஆலயம் ஒன்றில் பாட வைத்தார். இன்று சொப்ரானோப் பெண்கள் பாடும் இந்தப் பாடலை அன்று பாடியவர் ஓர் ஆண். உயர்ந்த குரல் மாறிவிடாதிருக்கச் சிறுவயதிலேயே அறுவை செய்யப்பட்ட பாடகர். ஏன் அப்படி? இத்தாலிய ஆலயங்களில் வழிபாட்டில் பாடப் பெண்களுக்கு இடம் கொடுக்கும் வழக்கம் இல்லை. பெண்குரல் வேண்டும், பெண் வேண்டாம் என்பதற்காக எத்தனையோ சிறுவர்களின் உடல் பலியானது. திருச்சபையின் பிள்ளைகளாக நாம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1903இல்கூட, திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் திருவழிபாட்டு இசையைச் சீரமைத்து எழுதிய மடலில், பாடகர் குழுவில் பெண்கள் இடம்பெற முடியாது என்றே குறிப்பிட்டார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955 கிறிஸ்து பிறப்பு நாளில் வெளியிட்ட சுற்றுமடலில்தான், பீடத்தின் தூயகத்துக்கு வெளியே நின்று பெண்களும் பாடகர் குழுவில் பாடலாம் என்ற அனுமதி வந்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து லியோன்டின் பிரைஸ் வியன்னாவில் அந்த அல்லேலூயாவைப் பாடினார். இன்று நம் பங்குகளில் பெண்கள் இல்லாத பாடகர் குழு ஏது? அவர்கள் இன்று நிற்கும் இடம் எவ்வளவு காலம் கழித்துக் கிடைத்தது என்பதை நாம் நினைவில் வைப்பது நல்லது.

மற்றப் பாடல்களையும் சேர்த்துப் பாருங்கள். மார்ட்டின் லூத்தர் எழுதிய பாடல் ஒன்று இருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தின் சார்லஸ் வெஸ்லி 1739இல் எழுதிய பாடலும், அதற்கு யூத மரபில் பிறந்த மெண்டல்சோன் தந்த மெட்டும் இருக்கின்றன. நம் அன்னையைப் போற்றும் ‘ஆவே மரியா’ இரண்டு இருக்கின்றன: ஒன்று ஷூபர்ட் அமைத்தது, மற்றது லூத்தரன் ஆலயங்களில் பணியாற்றிய பாஹ்கின் இசைமேல் கத்தோலிக்கரான குனோ பின்னிய மெட்டு. மெதடிஸ்ட் ஆலயத்தில் வளர்ந்த பெண், கத்தோலிக்க நகரத்தில் நின்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பாடுகிறார். அதே 1961ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில்தான் திருத்தந்தை புனித 23ஆம் யோவான் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தைக் கூட்டும் ஆணையில் கையொப்பமிட்டார். பிரிந்த சகோதரர்களை மீண்டும் சகோதரர் என்று அழைக்கச் சங்கத் தந்தையர் கற்றுத்தருமுன்பே, பாடல்கள் அந்தப் பந்தியில் ஒன்றாக அமர்ந்துவிட்டன. 1963இல் அச்சங்கம் திருவழிபாட்டில் ஒவ்வொரு மக்களினத்தின் சொந்த இசைக்கும் உரிய இடம் தர வேண்டும் என்றது. நாம் இன்று தமிழில் திருப்பலிப் பாடல்கள் பாடுவது அந்தத் திறந்த கதவின் வழியாகத்தான்.

பெரிய இசைமேதைகளின் இந்தப் பாடல்களுக்கு நடுவில் ஒரு சிறிய பாடலும் இருக்கிறது. ‘ஸ்வீட் லில் ஜீசஸ்’ என்று பெயர். கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல் மரபின் பாணியில் அமைந்தது. பருத்திக் காடுகளில் அடிமைகளாக உழைத்தவர்கள் அந்த மரபை வளர்த்தார்கள். பெரும்பாலோருக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தது. விவிலியத்தைக் காதால் கேட்டு மனத்தால் பாட்டாக்கினார்கள். விடுதலையான பிள்ளைகள் படித்த ஃபிஸ்க் கல்லூரியின் மாணவர் குழு 1871இல் ஊர் ஊராகப் பாடச் சென்றபோதுதான் உலகம் அந்தப் பாடல்களை அறிந்தது. இறையியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் ஒன்றை அந்த மக்கள் எளிதாகக் கண்டுகொண்டார்கள். பிறந்த குழந்தை யார் என்று உலகம் அறியவில்லை. தாங்கள் யார் என்றும் உலகம் அறியவில்லை. ஆகவே அவர் தங்களில் ஒருவர். வியன்னாவின் பொன்னிறக் கருவிகளுக்கு நடுவே லியோன்டின் பிரைஸ் தம் தாய் பாடிய ஆலயத்தின் குரலை மறைக்கவில்லை. அந்தப் பாடலை அவர் பாடும்போது கேட்கிறவர்கள் வியன்னாவிலிருந்து லாரலுக்கே போய்விடுவார்கள்.

லாரல் இருக்கும் மிசிசிப்பியில் அந்த ஜூன் மாதம் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கிடையே செல்லும் பேருந்துகளின் நிலையங்களில் நிறப் பாகுபாடு கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. தென்மாநிலங்கள் கேட்கவில்லை. தீர்ப்பு நடைமுறையில் உண்டா என்று பார்க்க, கறுப்பரும் வெள்ளையருமாக இளைஞர்கள் ஒன்றாகப் பேருந்து ஏறினார்கள். மே 14 அன்று அலபாமா மாநிலத்தில் அவர்களுடைய பேருந்து ஒன்றைக் கும்பல் தீயிட்டுக் கொளுத்தியது. மே 24 முதல் ஜாக்சன் நகரப் பேருந்து நிலையத்தில் இறங்கியவர்கள் கைதாகத் தொடங்கினார்கள். குற்றம் என்ன? வெள்ளையருக்கு என்று ஒதுக்கிய காத்திருக்கும் அறையில் போய் நின்றது. ஒன்பது வயதுச் சிறுமி லியோன்டின் மரியன் ஆண்டர்சனைக் கேட்ட அதே ஜாக்சன்! கோடை முடிவதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஜூன் மாதம் அவர்களுள் பலரைப் பார்ச்மன் என்ற கொடிய சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் பாடினார்கள். பாடுவதை நிறுத்தாவிட்டால் மெத்தையைப் பறிப்போம் என்றார்கள் காவலர்கள். மெத்தைகள் போயின, இரும்புக் கட்டிலில் படுத்துக்கொண்டு இன்னும் பாடினார்கள்.

ஒரே மாதம், ஒரே மக்களினம். ஒருபுறம் வியன்னாவின் அரங்கில் ஒரு மகள், குழந்தை இயேசுவுக்கு இடமில்லாத இரவைப் பற்றிப் பாடுகிறார். மறுபுறம் அவருடைய சொந்த மண்ணில் உட்கார இடம் கேட்டவர்கள் படுக்க மெத்தையும் இழந்து பாடுகிறார்கள். இரண்டு பாட்டும் ஒரே பாட்டுத்தான். அந்த இசைத்தட்டின் பெயரில் ‘காணிக்கை’ என்ற சொல் இருப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஞானிகள் கொண்டு வந்தது தங்களிடம் மிகுதியாக இருந்ததை. இந்த மக்கள் கொண்டு வந்தது தங்களிடமிருந்து யாரும் பறிக்க முடியாத ஒன்றை.

அன்பார்ந்தவர்களே, வாக்கு மனிதரானார் என்று நம்புகிறோம். மனிதரானார் என்றால் உடல் எடுத்தார் என்று பொருள். உடலுக்கு ஓர் இடம் வேண்டும். படுக்க ஒரு பாய், மூச்சுவிட ஒரு மூலை, ஒதுங்க ஒரு கூரை வேண்டும். ஒருவருக்கு இடமில்லை என்று சொல்லும்போது நாம் அவருடைய கருத்தை மறுக்கவில்லை. அவருடைய உடலையே மறுக்கிறோம். கடவுளின் மகன் இந்த மறுப்பைத் தாயின் வயிற்றில் இருந்தபோதே ஏற்றுக்கொண்டார். ஆகையால் இடமற்றவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பக்கத்தில் அவர் ஏற்கெனவே படுத்திருக்கிறார். அவரைப் பற்றிய பாடல்கள் தந்தையற்ற பிள்ளையிடமிருந்தும், அடிமைகளின் பேத்தியரிடமிருந்தும் நமக்கு வந்திருப்பதில் வியப்பில்லை. தீவனத்தொட்டிக்கு மிக அருகில் நின்றவர்கள் அவர்கள்தானே!

இனி நம்மிடம் நாமே கேட்போம். இந்த ஆண்டு நம் பங்கில் ‘சைலண்ட் நைட்’ பாடும்போது யார் வெளியே நிற்பார்கள்? ஒரே கிண்ணத்திலிருந்து நற்கருணை உட்கொண்டுவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு வரிசை கேட்கும் ஊர்கள் நம் நடுவில் இன்னும் இருக்கின்றன. இது மிசிசிப்பியின் சட்டத்தைவிட எந்த வகையில் மேலானது? திருமணத்துக்கு வெளியே பிறந்தது என்று ஒரு பிள்ளையின் திருமுழுக்கு நாளில் நாம் காட்டிய முகம் எப்படி இருந்தது? ஞானப்பெற்றோராக நிற்க யாராவது முன்வந்தோமா? வேலை தேடி வடமாநிலங்களிலிருந்து வந்து, நம் தெருவில் கட்டடம் கட்டும் தொழிலாளர்களுள் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. நள்ளிரவுத் திருப்பலியில் அவர்களுக்கு நாற்காலி நகர்த்திக் கொடுப்போமா, அல்லது கதவோரம் நிற்கட்டும் என்று விடுவோமா? பாடகர் குழுவில் நல்ல உடை இல்லை என்பதற்காகப் பின்னால் தள்ளப்படும் பிள்ளை ஒருத்தி இருந்தால், அவளுடைய குரலை ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்கள். ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து தாங்கியதால்தான் லாரல் ஊரின் மருத்துவச்சி மகளுக்கு உலகம் கேட்கும் குரல் கிடைத்தது.

விழா நாளுக்கு முன்பு ஒரு சிறிய முயற்சி செய்வோம். குடிலில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை வைப்பதற்கு முன், நம் வீட்டிலோ, உறவிலோ, அன்பியத்திலோ ‘உனக்கு இங்கே இடமில்லை’ என்று நாம் சொல்லால் அல்லது மௌனத்தால் விலக்கிய ஒருவரைத் தேடிச் சென்று, விழாவுக்கு அழைப்போம். அந்த ஒருவர் வந்து அமரும்போது, நாம் பாடும் பாட்டு பெத்லகேமில் கேட்ட பாட்டாகும்.

தமக்கு இடமில்லாத உலகிலே நம் எல்லாருக்கும் இடம் ஏற்படுத்த வந்த பாலன் இயேசு, உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.